உட்படலம் சொல்வதும் படம் சொல்வதும்: இரத்தக் குழாய் நோய்க்கான பரிசோதனைத் தாளை வாசிக்கும் முறை

மாரடைப்பிலிருந்து மீண்டவர் இருக்கும் வீட்டிலும், சர்க்கரை நோயோடு பத்து ஆண்டுகளைக் கடந்தவர் இருக்கும் வீட்டிலும், பீரோவின் மேல்தட்டில் ஒரு துணிக்கடைப் பை நிறையப் பரிசோதனைத் தாள்கள் கிடக்கும். அவற்றில் தடித்த எழுத்தில் அச்சான எண்களை மட்டும் பார்த்துப் பயப்படுவதும், தடித்த எழுத்து எதுவும் இல்லாவிட்டால் நிம்மதி அடைவதுமே பெரும்பாலோரின் வழக்கம். நான் தண்டையார்பேட்டைப் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேல் இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் வேலை பார்த்தவன்; மருத்துவன் அல்லன். ஆகவே எந்த மாத்திரையைச் சாப்பிடுவது, எதை நிறுத்துவது என்பதைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் எழுதப்போவதில்லை. இரத்தக் குழாயின் உட்புறம் புண்பட்டிருப்பதைக் காட்டும் பரிசோதனைகள் எவை, அவற்றுக்கு எப்படி இரத்தம் கொடுக்க வேண்டும், வந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம், அடைப்பின் கடுமையை அந்த எண்ணிலிருந்து கணிக்க முடியுமா என்பவற்றை மட்டும், ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் என்னிடம் தாளை நீட்டிக் கேட்டவர்களுக்குச் சொன்ன முறையிலேயே எழுதுகிறேன்.

உட்படலம் என்று எதைச் சொல்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரத்தக் குழாயின் உட்புறம் முழுவதையும் ஒரே ஒரு செல் கனத்தில் மூடியிருக்கும் படலம் அது. மருத்துவர்கள் அதை எண்டோதீலியம் என்பார்கள். நெடுங்காலம் வரை அது வெறும் உறை என்றே கருதப்பட்டது. 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க அறிவியலாளர், முயலின் இரத்தக் குழாய்த் துண்டில் இந்தப் படலம் முழுமையாக இருக்கும்போது குழாயை விரியச் செய்யும் ஒரு பொருள், படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் அதே குழாயைச் சுருங்கச் செய்வதைக் காட்டினார். படலம் தானே எதையோ சுரந்து குழாயைத் தளர்த்துகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. அந்தச் சுரப்பு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பதும் சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. இதற்காக அவருக்கும் லூயி இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகியோருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நலமாக இருக்கும் உட்படலம் குழாயைத் தளர்வாக வைத்திருக்கும், இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும், வெள்ளணுக்கள் தன்மேல் ஒட்டாமல் வழுக்கிச் செல்ல விடும். புகை, உயர்ந்த சர்க்கரை, உயர்ந்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவை ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது இந்த மூன்று வேலைகளும் தவறிப்போகின்றன. படலத்தின் மேற்பரப்பில் பசை போன்ற புரதங்கள் முளைக்கின்றன. வெள்ளணுக்கள் அவற்றில் சிக்கி உள்ளே நுழைகின்றன. எல்டிஎல் என்ற அந்தக் கெட்ட கொழுப்பு அடியில் தேங்குகிறது. ஆண்டுகள் செல்ல அந்த இடத்தில் கொழுப்புப் படிவு மேடாகிறது. காற்றில் மிதக்கும் நுண்துகளும் இந்தத் தாக்குதலில் பங்கு பெறுகிறது என்பதால், மணலியிலும் எண்ணூரிலும் குடியிருப்பவர்கள் பீடியைத் தொடாதவர்களாக இருந்தாலும் தம்மைப் புகைக்கு அப்பாற்பட்டவர்களாக எண்ணிக்கொள்ள முடியாது.

எந்த எண் யாருடைய சாட்சி

பரிசோதனைத் தாளில் வரும் எண்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அடிப்பவரைக் காட்டும் எண்கள் ஒரு வகை. அடிபட்ட படலத்திலிருந்தே வெளியேறும் பொருள்கள் இரண்டாம் வகை. அடியின் விளைவு வேறோர் உறுப்பில் தெரிவது மூன்றாம் வகை.

ஆராய்ச்சியாளர்கள் அதிகம் விரும்புவது இரண்டாம் வகை. வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம் உட்படலச் செல்களுக்குள் சிறு பொதிகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். 1964-இல் வைபல், பலாடி என்ற இருவர் விவரித்த அந்தப் பொதிகள் இன்றும் அவர்கள் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. படலம் தூண்டப்பட்டாலோ புண்பட்டாலோ பொதி திறந்து அந்தப் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. ஈ-செலக்டின் உட்படலத்தில் மட்டுமே உருவாகும் பசைப் புரதம். ஐகேம், வீகேம் என்ற பசைப் புரதங்களும், திராம்போமாடுலின், எண்டோதீலின், எண்டோகேன் போன்றவையும் இந்த வரிசையில் வருவனவே. சில ஆய்வுகளில் படலத்திலிருந்து பிய்ந்து இரத்தத்தில் மிதக்கும் முழுச் செல்களையே எண்ணிவிடுகிறார்கள்; குழாய்ச் சுவரிலிருந்து செல்லே உதிர்ந்து வருகிறது என்றால் அதைவிட நேரான சாட்சி வேறில்லை.

ஆனால் இவற்றில் வான் வில்லிபிராண்ட் காரணியைத் தவிர மற்ற எதையும் நம் பகுதியின் பரிசோதனை நிலையங்களில் கேட்டுப் பயனில்லை. அந்த ஒன்றையும் இரத்தம் உறையாமல் கசியும் பரம்பரை நோயைக் கண்டறியத்தான் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். இதய நோய்க்காக எழுதுவது வழக்கமில்லை. ஓ வகை இரத்தம் உள்ளவர்களுக்கு இதன் அளவு பிறருக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 25 சதவீதம் குறைவாகவே இருக்கும். மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்து கையை நீட்டினால் அளவு கூடும். காய்ச்சலிலும் கூடும், கர்ப்ப காலத்திலும் கூடும். இத்தனை காரணங்களால் ஏறி இறங்கும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒருவருடைய இதயக் குழாயைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எப்படி?

இங்கேதான் பலருக்குக் குழப்பம் வருகிறது. இந்தப் பொருள்களின் அளவு கூடக் கூட அடைப்பின் கடுமையும் கூடுகிறது என்று ஆய்வுகள் கூறுகின்றனவே என்று கைப்பேசியில் படித்துவிட்டு வந்து கேட்பார்கள். அவர்கள் படித்தது பொய்யில்லை. ஆஞ்சியோகிராம் (இதயக் குழாய்களில் சாயம் செலுத்தி எடுக்கும் படம்) செய்துகொண்ட நூற்றுக்கணக்கானவர்களை, அடைப்புக் குறைந்தவர்கள், நடுத்தரமானவர்கள், மிகுந்தவர்கள் என்று பிரித்து ஒவ்வொரு குழுவின் சராசரியையும் எடுத்தால், குறிப்பான்கள் எனப்படும் இத்தகைய பொருள்கள் பலவும் படிப்படியாக உயர்வது உண்மை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் சராசரி உயரத்தைவிடப் பத்தாம் வகுப்பின் சராசரி உயரம் கூடுதலாகத்தான் இருக்கும். அதற்காகத் தெருவில் போகும் ஒரு பையனின் உயரத்தை அளந்து, இவன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான் என்று சொல்லிவிட முடியாது. குழுவுக்குப் பொருந்தும் சராசரி தனியாளுக்கு அப்படியே பொருந்தாததால்தான், இத்தனை ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் இந்தப் பரிசோதனைகள் இதய மருத்துவரின் அன்றாடச் சீட்டில் இடம்பெறவில்லை. உட்படலச் சேதத்தை அளக்கும் சிறப்புப் பரிசோதனை என்று எவராவது சில ஆயிரம் ரூபாய்க்கு விற்க வந்தால், உங்கள் மருத்துவர் அதை எழுதிக் கொடுத்தாரா என்ற ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரத்தம் கொடுக்கும் முன்

எண் தவறாக வருவதற்கான காரணங்களில் பெரும்பகுதி, இயந்திரத்துக்குள் இரத்தம் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இதை இருபது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

காசிமேட்டில் இரவெல்லாம் விழித்திருந்து, விடியற்காலை ஏலம் முடிந்த கையோடு நேரே இரத்தம் கொடுக்க வருபவர்கள் உண்டு. அப்படி வருவதைத் தவிர்த்து, ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு வருவதே நல்லது. வந்ததும் உடனே கையை நீட்டாமல் பத்து நிமிடம் உட்கார வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். கொழுப்புப் பரிசோதனைக்கு இப்போது வெறும் வயிறு கட்டாயமில்லை. ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 400-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்ப்பார்கள்.

வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துச் செல்லும் வசதி பெருகியிருக்கிறது. நடக்க முடியாத முதியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் எர்ணாவூரில் எடுத்த இரத்தம், வெயிலில் பைக்கில் பல வீடுகளைச் சுற்றிவிட்டு நண்பகலில் பரிசோதனை நிலையத்தை அடையுமானால் சில எண்கள் மாறிவிடும். குழாய்க்குள் இருக்கும் சிவப்பணுக்கள் உயிரோடிருப்பதால் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் மருந்து சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் இருப்பதால்தான் சர்க்கரைக்கு அந்தக் குழாயைப் பயன்படுத்துகிறோம். ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இதற்கு நேர் எதிர்: சிவப்பணுக்கள் அதை வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால், பனிக்கட்டியில் வைத்து உடனே பிரிக்காத இரத்தத்தில் அளவு பொய்யாக உயரும். வான் வில்லிபிராண்ட் காரணிக்கோ பனிக்கட்டி ஆகாது. குளிரில் வைத்த முழு இரத்தத்தில் அதன் அளவு பொய்யாகக் குறையும், மேலும் நீல மூடிக் குழாயில் கோடு வரை சரியாக இரத்தம் நிரம்பவில்லை என்றால் கணக்கே தப்பும். எனவே இரத்தம் எடுக்க வருபவரிடம், எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் இது எத்தனை மணிக்கு இயந்திரத்துக்குப் போகும் என்று கேட்பதில் தவறில்லை. நல்ல பணியாளர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை எழுதிக் கொடுங்கள். முடி வளர்வதற்கென்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் உள்ளிட்ட சில பரிசோதனைகளைக் குழப்பக்கூடியது. அதை மாத்திரையாகவே கருதாமல் சொல்லாமல் விடுபவர்கள் ஏராளம்.

வந்த எண்களை வாசித்தல்

அழற்சியைக் காட்டும் உயர்நுண் சிஆர்பி பரிசோதனையைத்தான் மக்கள் அதிகம் தவறாகப் படிக்கிறார்கள். இந்தப் புரதத்தை உட்படலம் சுரப்பதில்லை. உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்ற செய்தி கிடைத்ததும் கல்லீரல் சுரக்கிறது. எனவே இது நேரில் பார்த்த சாட்சி இல்லை, கேள்விப்பட்டுச் சொல்லும் சாட்சி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் கூடுதல் என்பது கணக்கு. 10-ஐத் தாண்டினால் அதை இதயக் கணக்கில் சேர்க்கவே கூடாது. காய்ச்சலோ, பல் வேரில் சீழோ, மூட்டு அழற்சியோ வேறு எங்கோ இருக்கிறது என்று பொருள். உடல்நிலை சரியாகி, இரண்டு வார இடைவெளியில் இருமுறை எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை. மழைக்காலத்தில் டெங்குவும் சிக்குன்குனியாவும் தெருத்தெருவாகச் சுற்றும் நம் பகுதியில் இதை மறக்கக் கூடாது.

அலகையும் பார்க்க வேண்டும். சில நிலையங்கள் சாதாரண சிஆர்பி அளவை டெசிலிட்டர் கணக்கில் தருகின்றன, அங்கே 0.4 என்று இருந்தால் லிட்டர் கணக்கில் அது 4. பத்து மடங்கு வேறுபாட்டைக் கவனிக்காமல், போன முறை 4 இருந்தது இப்போது 0.4 ஆகிவிட்டது என்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இந்த எண்ணையும் குறைக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எல்டிஎல் அதிகமில்லாமல் சிஆர்பி 2-க்கு மேல் இருந்தவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைக் கொடுத்துப் பார்த்து 2008-இல் வெளியான ஜூபிடர் ஆய்வு, மாரடைப்பும் பக்கவாதமும் கணிசமாகக் குறைந்ததைக் காட்டிய பிறகே இந்தப் பரிசோதனை இவ்வளவு பரவியது.

என் பெரியப்பாவின் கதை இந்த இடத்துக்குப் பொருந்தும். சிக்குன்குனியா வந்து மூன்றாம் வாரத்தில், யாரோ சொன்னார்கள் என்று இதயத் தொகுப்புப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டார். சிஆர்பி 14 என்று வந்தது. அந்த நிலையத்தின் தாளில் அதன் பக்கத்தில் ‘மிக உயர்ந்த இதய ஆபத்து’ என்று சிவப்பில் அச்சாகியிருந்தது. பெரியம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது 1.8. ஆனால் அந்தத் தொகுப்பிலிருந்த அறுபத்துச் சொச்சம் பரிசோதனைகளில், பதினொரு ஆண்டாகச் சர்க்கரை நோய் உள்ள அவருக்கு உண்மையில் தேவைப்பட்ட ஒன்று மட்டும் இல்லை. அதுதான் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தைப் பார்ப்பது.

உட்படலத்தின் நிலையை நம்மைப் போன்றவர்கள் குறைந்த செலவில் எட்டிப் பார்க்க ஒரு சன்னல் உண்டென்றால், என் மதிப்பில் அது சிறுநீரில் அல்புமினுக்கும், கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளுக்கும் உள்ள விகிதமே. சிறுநீரக வடிகட்டி என்பதும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுருளே. அதன் உட்படலம் கசியத் தொடங்கினால் அல்புமின் சிறுநீரில் இறங்கும். அங்கே கசிகிறது என்றால் உடல் முழுவதும் உள்ள குழாய்களும் அதே நிலையில் இருக்கக்கூடும் என்ற கருத்தை, 1989-இல் டென்மார்க்கின் ஸ்டெனோ நீரிழிவு மருத்துவமனை ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்கு மேல் கடுமை. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக் கொடுப்பது சிறந்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உழைப்பு ஆகியவை எண்ணை உயர்த்தும் என்பதால், ஒரு தடவை கூடுதலாக வந்ததை வைத்து முடிவு செய்யாமல், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை எடுத்து இரண்டு முறையாவது கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். குச்சியைத் தோய்த்து நிறம் பார்க்கும் பழைய முறையில் ‘இல்லை’ என்று வந்தாலும் இந்தத் தொடக்கக் கசிவு தப்பிவிடும். ஆகவே விகிதம் என்ற சொல் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியப்பாவுக்கு அது 146 என்று வந்தது. சிஆர்பியைக் கண்டு அழுத வீட்டில், இந்த எண்ணைக் கண்டு யாரும் பதறவில்லை, மருத்துவர்தான் பதறினார்.

கொழுப்புத் தாளில் உள்ள எண்கள் உட்படலத்தை அடிப்பவரைக் காட்டுபவை. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பின் அளவைக் கழித்தால் வருவதுதான் எச்டிஎல் அல்லாத கொழுப்பு. குழாய்ச் சுவருக்குள் நுழையக்கூடிய எல்லாத் துகள்களும் அதில் அடங்கும். ஓர் எடுத்துக்காட்டாக, மொத்தம் 212, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 240 என்று வைத்துக்கொள்வோம். ட்ரைகிளிசரைடை 5-ஆல் வகுத்தால் 48. 212-இலிருந்து 38-ஐயும் 48-ஐயும் கழித்தால் எல்டிஎல் 126. இதைப் பார்த்தால் சுமார் என்று தோன்றும். எச்டிஎல் அல்லாத கொழுப்போ 174. எல்டிஎல் இலக்கோடு 30-ஐக் கூட்டினால் எச்டிஎல் அல்லாததற்கான இலக்கு வரும் என்பதால், ஏற்கெனவே மாரடைப்பு வந்து எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டிய ஒருவருக்கு இது 100-க்குக் கீழே இருக்க வேண்டும்; 55-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று சொல்லும் மருத்துவர்கள் இப்போது அதிகம். சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்துள்ளவர்களுக்கு ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருப்பதால், எல்டிஎல் எண்ணைவிட இந்தக் கழித்தல் கணக்கே உண்மைக்கு நெருக்கமாக நிற்கிறது.

லைப்போபுரதம்-ஏ என்பது எல்டிஎல் போன்ற ஒரு கொழுப்புத் துகள்; அதன் அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுவது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கூடுதல் ஆபத்து. வழக்கமான ஸ்டாட்டின் மாத்திரை இதைக் குறைக்காது. நாற்பது வயதைத் தொடும் முன்பே மாரடைப்பு வந்த தந்தையோ அண்ணனோ இருந்தால் இதைக் கேட்டு எழுதி வாங்கலாம். ஹோமோசிஸ்டீனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: பி12 குறைந்தவர்களுக்கு உயரும், வைட்டமின் கொடுத்தால் இறங்கும், ஆனால் அப்படி இறக்கியதால் மாரடைப்பு குறையவில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன.

இவை எவற்றிலும் சேராத ஒன்று ட்ரோபோனின். அது இதயத் தசை அழியும்போது வெளிவருவது. நெஞ்சில் அழுத்தமும், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியும், வியர்வையும் இருக்கும்போது பரிசோதனை நிலையத்துக்குச் சென்று ட்ரோபோனின் எடுத்து அதன் முடிவுக்காகக் காத்திருப்பவரைப் போல ஆபத்தில் இருப்பவர் வேறில்லை. வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் அந்த எண் இயல்பாகவே இருக்கக்கூடும். 108-ஐ அழைத்து, இசிஜி எடுக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

கடுமையைச் சொல்வது படம்

எத்தனை குழாயில் அடைப்பு, எந்த இடத்தில், எவ்வளவு என்பதை ஆஞ்சியோகிராம்தான் சொல்லும். அந்த அறிக்கையில் உள்ள சதவீதம் குழாயின் விட்டத்தைக் குறிக்கிறது. விட்டம் 50 சதவீதம் குறைந்தால் இரத்தம் ஓடும் பரப்பு 75 சதவீதம் குறைந்துவிடுகிறது. பொதுவாக 70 சதவீதத்தைக் கடுமையான அடைப்பு என்கிறார்கள். இடப்பக்க முதன்மைக் குழாயில் மட்டும் 50 சதவீதமே கடுமை, ஏனென்றால் இதயத்தின் பெரும்பகுதிக்கு இரத்தம் போகும் தலைவாசல் அது. இந்த இடவேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் மதிப்பெண் முறைகள் இருக்கின்றன. ஜென்சினி முறையில் 25 சதவீத அடைப்புக்கு 1, 50-க்கு 2, 75-க்கு 4, 90-க்கு 8, 99-க்கு 16, முழு அடைப்புக்கு 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், முதன்மைக் குழாயானால் அதை 5-ஆல் பெருக்குவார்கள். குறிப்பான் ஆய்வுகளில் அடைப்பின் கடுமை என்று வருவது பெரும்பாலும் இதுவோ, சின்டாக்ஸ் மதிப்பெண்ணோதான். சின்டாக்ஸில் 22 வரை குறைவு, 23 முதல் 32 வரை நடுத்தரம், 33-உம் அதற்கு மேலும் சிக்கல். முதன்மைக் குழாயிலோ மூன்று குழாய்களிலுமோ அடைப்புள்ளவர்களுக்கு குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் போதுமா, பைபாஸ் வேண்டுமா என்ற விவாதத்தில் இந்த எண் மேசைக்கு வரும். இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவைச் சிகிச்சை 1975-இல் மருத்துவர் கே. எம். செரியனால் நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் செய்யப்பட்டது; அந்த வழியாகத் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நடுத்தர அடைப்பு உண்மையில் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று தெரியாதபோது, மெல்லிய கம்பியைச் செலுத்தி அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளப்பார்கள். விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தடுக்கிறது என்று பொருள்.

படத்துக்கும் ஓர் எல்லை உண்டு, உட்படலத்தின் பேச்சு மீண்டும் வருவது இங்கேதான். மாரடைப்புகளில் பல, படத்தில் பெரிதாகத் தெரியாத படிவு திடீரென்று கிழிந்தோ, அதன் மேலுள்ள உட்படலம் அரித்துப்போயோ, அங்கே இரத்தம் உறைவதால் ஏற்படுகின்றன. அதனால், 40 சதவீதம்தான் அடைப்பு, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று கூறிக்கொண்டு மறுபடி மாவா புகையிலை போடத் தொடங்குபவர், தாளைத் தலைகீழாகப் படித்தவர் ஆவார். அறுவை வேண்டாம் என்பதற்கும் ஆபத்து இல்லை என்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

கால் குழாய்களுக்குப் படத்துக்கு முன்பே எளிய அளவு ஒன்று உண்டு. சிறிது தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும், நின்றால் விட்டுவிடுவதும் பீடி குடிக்கும் மூட்டை தூக்குவோரிடம் நான் அடிக்கடி கேட்ட புகார். கணுக்காலில் டாப்ளர் கருவியால் அளந்த மேல் அழுத்தத்தைக் கையின் மேல் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 105 என்றால் 0.75. அது 0.90-க்குக் கீழே இருந்தால் கால் குழாயில் நோய் இருக்கிறது, 0.40-க்குக் கீழே போனால் கடுமை. 1.40-க்கு மேல் வந்தால் நலம் என்று எண்ணிவிடக் கூடாது. சுண்ணம் படிந்து குழாய் இறுகிப்போய், பட்டை அழுத்தியும் அமுங்கவில்லை என்பதையே அது காட்டுகிறது. நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளிடம் இது சகஜம். இரத்தத்தில் தேடுவதற்கு மாறாக, கடுமையை இவ்வளவு மலிவாகச் சொல்லிவிடும் பரிசோதனை இதைப் போல வேறொன்று எனக்குத் தெரியாது.

எங்கே செல்வது, எதைக் கொண்டு செல்வது

பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லி மருத்துவமனையின் இதயவியல் பிரிவுக்கு வடசென்னை முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்பதால், மருத்துவர் உங்களோடு பேசும் நேரம் சில நிமிடங்களே இருக்கும். அந்த நிமிடங்களைத் தாள் தேடுவதில் கழிக்காமல் இருக்க ஒரே வழி, ஒரு முழுத் தாளில் ஆறு பத்திகள் வரைந்து, தேதி, இரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை, எச்டிஎல் அல்லாத கொழுப்பு, கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின் விகிதம் ஆகியவற்றைக் கையால் எழுதி மேலே வைப்பது. அழுத்தத்தையும் சர்க்கரையையும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அவர்கள் சொல்லும் எண்ணையும் அதே தாளில் ஏற்றிவிடலாம். ஆஞ்சியோகிராம் அல்லது ஸ்டென்ட் வரை போகும் நிலை வந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையின் நகலும் குடும்ப அட்டையின் நகலும் முன்கூட்டியே பையில் இருக்கட்டும்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்: என் சிறுநீர் அல்புமின் விகிதம் என்ன, எனக்குரிய கொழுப்பு இலக்கு எது, என் அடைப்பில் இரத்த ஓட்டம் தடைப்படுகிறதா. சிஆர்பியைப் பற்றியோ செலக்டினைப் பற்றியோ கேட்பதற்கு நேரம் மிஞ்சினால் கேட்டுக்கொள்ளலாம்.

இசிஜி அச்சாகும் காகிதம் வெப்பத்தால் எழுத்து ஏறும் காகிதம். பேருந்துக் கட்டணச் சீட்டைப் போலச் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும், வெயில் படும் சன்னலோரத்திலோ அடுப்பங்கரை அலமாரியிலோ வைத்தால் இன்னும் விரைவில். எடுத்த அன்றே நகல் எடுத்துக்கொள்ளவும், கைப்பேசியில் படம் பிடித்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைக்கவும் வேண்டும். ஆஞ்சியோகிராம் குறுந்தகட்டைத் தாள்களோடு சேர்த்துக் கட்டாமல் தனி உறையில் போட்டு, எந்தக் கையின் வழியாகக் கம்பி செலுத்தினார்கள் என்பதையும் தேதியையும் அந்த உறையின் மேல் எழுதி வையுங்கள்.